கிளை நூலகத்தில் மாதாந்திர நிகழ்ச்சிகள்: குழந்தைகள் முதல் தாத்தா பாட்டி வரை, படிப்படியாக

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் சேர்ந்த புதிதில் ஒரு விழா நடத்தினோம். வாசலில் பிளெக்ஸ், உள்ளே மைக் செட், வாடகை நாற்காலி. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று வரிசையாகப் பேசினார்கள். ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்தினோம். முன்வரிசையில் உட்காரவைத்த பள்ளிப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாதம் நடத்தக் கையில் காசும் இல்லை, யாருக்கும் தெம்பும் இல்லை.

அதன்பிறகு முறையை மாற்றினோம். சின்னதாக, மாதம் தவறாமல், அதே கிழமை, அதே நேரம். கூட்டம் கலையும்போது வந்தவர் கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விடாப்பிடியாக வைத்துக்கொண்டோம். இப்போது நான்கு வயதுக் குழந்தையும் வருகிறது, எண்பது கடந்த பெரியவரும் வருகிறார். உங்கள் தெரு நூலகத்திலும் இதைத் தொடங்க நினைத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது, எதை எப்படிச் செய்வது என்பதை எழுதுகிறேன்.

முதல் மாதம்: சும்மா உட்கார்ந்து பாருங்கள்

நிகழ்ச்சியை யோசிப்பதற்கு முன், நான்கு வாரம் வெவ்வேறு நேரங்களில் நூலகத்தில் போய் உட்காருங்கள். யார், எப்போது, எதற்கு வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்தில் காலையில் நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் வருவார்கள். நாள் முழுவதும் ஓரத்து மேசைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மாலையில் டியூஷன் போகும் வழியில் பள்ளிப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். வராதவர்கள் யார் என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். எங்களுக்குப் பெண்கள் வருகை மிகக் குறைவு என்பது அப்படித்தான் கண்ணில் பட்டது.

வேலை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பள்ளியும் அலுவலகமும் இல்லாத அந்த நாள் கையில் இருப்பது பெரிய வசதி. முழுநேரக் கிளை, கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று வகைக்கு ஏற்ப நேரம் மாறும் என்பதால் வாசலில் உள்ள பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நூலகரோடு உட்கார்ந்து பேசுங்கள்

பல கிளைகளில் ஒரே ஒரு நூலகர்தான் எல்லா வேலையையும் பார்க்கிறார். இரவல் பதிவேடு, உறுப்பினர் சேர்க்கை, நாளிதழ் கணக்கு, புதுப் புத்தகம் பதிவது, சில இடங்களில் பெருக்கிக் கூட்டுவதும் அவரேதான். ஆகவே "நிகழ்ச்சி நடத்துங்கள் சார்" என்று போய் நிற்காதீர்கள். "சார், ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குப் பாய் விரிக்கிறதுல இருந்து மடிச்சு வைக்கிற வரைக்கும் நாங்க பார்த்துக்கிறோம், நீங்க இடம் மட்டும் குடுங்க" என்று கேளுங்கள். கேட்கும் விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

வாசகர் வட்டம் ஏற்கெனவே இருந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். பெயரளவில் இருந்தாலும் பரவாயில்லை, புதிதாக ஒரு அமைப்பு ஆரம்பிப்பதைவிட அது எளிது. மாதத் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதி, நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். நூலகர் மாற்றலாகிப் போனாலும் அந்தக் கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கும். அடுத்து வருபவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டிய பாடு இருக்காது.

இந்த இடத்தில் தயக்கமே வேண்டாம். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. தெருமுனையில் இருக்கும் அந்தக் கட்டடம் நம் காசில் நடப்பது. அதில் உரிமையோடு வேலை செய்யலாம்.

ஒன்றே ஒன்றில் தொடங்குங்கள்

எல்லா வயதினருக்கும் நடத்த வேண்டும் என்ற ஆசையில் முதல் மாதமே நான்கு நிகழ்ச்சி அறிவித்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் குழந்தைகள் கதை நேரம் மட்டும் போதும். குழந்தை வந்தால் அம்மாவோ பாட்டியோ கூட வருவார்கள், அவர்கள் வழியாக மற்றவை தானாக முளைக்கும். நான்காம் மாதம் இரண்டாவதைச் சேருங்கள், அது ஊன்றிய பிறகு மூன்றாவது. எங்களுக்கு நான்கும் ஓடத் தொடங்க ஒன்றரை வருடம் ஆனது.

இப்போது எங்கள் மாதம் இப்படிப் போகிறது: முதல் ஞாயிறு காலை குழந்தைகள், இரண்டாம் ஞாயிறு பதின்ம வயதினர், மூன்றாம் வாரம் ஒரு வேலை நாளில் பெண்கள் வாசிப்பு, நான்காம் ஞாயிறு காலை பெரியவர்கள். தேதி சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது. "முதல் ஞாயிறு பத்தரை" என்றால் ஊருக்கே மனப்பாடம் ஆகிவிடும். மழை பெய்தாலும், மூன்றே பேர் வந்தாலும் நடத்திவிடுங்கள். ஒரு மாதம் விட்டால் வந்துகொண்டிருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது, பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டியிருக்கிறது.

குழந்தைகள் கதை நேரம்: மூன்று முதல் பத்து வயது

இதற்குத்தான் அதிகம் தயார் செய்ய வேண்டும். கதை சொல்வது சுலபம் என்று நினைத்துக் கைவீசிக்கொண்டு போனால் ஐந்தாவது நிமிடமே பிள்ளைகள் எழுந்து ஓடுவார்கள்.

இரண்டு நாள் முன்னதாகவே நூலகத்துக் குழந்தைகள் அலமாரியிலிருந்து படம் பெரிதாக உள்ள ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் மூன்று முறை உரக்கப் படியுங்கள். அதே விஷயத்தில் இன்னும் ஏழெட்டுப் புத்தகங்களை எடுத்து வையுங்கள். யானைக் கதை என்றால் யானை வரும் மற்ற புத்தகங்கள், காட்டு விலங்குப் படப் புத்தகம், யானை பற்றிய அறிவியல் நூல். அவை எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்று பாயை அரைவட்டமாக விரியுங்கள். நீங்கள் சின்ன முக்காலியில் உட்காருங்கள், நாற்காலி வேண்டாம். புத்தகத்தைக் கீழ் விளிம்பில் ஒரு கையால் பிடித்து, படம் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வரும்படி பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தை நீங்கள் ஓரக்கண்ணால் படிக்க வேண்டியிருக்கும், அதற்குத்தான் அந்த மூன்று முறைப் பயிற்சி. பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கக்கூட வேண்டாம். அந்த இடைவெளியில் அவர்களே கத்துவார்கள். ஒருமுறை நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் பக்கத்தில் நான் நிறுத்தியபோது, இரண்டு மாதமாக வாயே திறக்காமல் பாட்டி மடியில் இருந்த ஒரு சிறுமி, "விழுந்துடும், விழுந்துடும்" என்று எழுந்து வந்து புத்தகத்தைக் கையால் மூடினாள். அன்றைக்கு அவளிடம்தான் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

கதை பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒரு பாட்டு அல்லது விளையாட்டு, பிறகு கைவேலை: களிமண், தாள் மடிப்பு, விரல் பொம்மை. மொத்தம் முக்கால் மணி நேரம். "இந்தக் கதையில் நீங்கள் கற்ற நீதி என்ன?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைகள் முகத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடுகிறது.

கடைசிப் பத்து நிமிடம், எடுத்து வைத்த அந்த ஏழெட்டுப் புத்தகங்களைப் பாயில் பரப்பிவிட்டு விலகிக்கொள்ளுங்கள். ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பேர் சண்டை போடாமல் இருக்கத்தான் அத்தனையும். பிடித்ததை எடுத்துக்கொண்டு நேராக நூலகர் மேசைக்குப் போகலாம். உறுப்பினர் விண்ணப்பத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். காப்புத்தொகையும் சந்தாவும் மிகக் குறைவுதான், பெற்றோர் அந்த இடத்திலேயே சேர்த்துவிடுவார்கள்.

நூலகத்தில் படப் புத்தகம் போதவில்லை என்றால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக உள்ளன. திறந்த உரிமத்தில் வெளியிட்டிருப்பதால் இறக்கி, அச்சிட்டுப் பயன்படுத்தலாம்.

பதின்ம வயதினர்

இவர்களைப் பாயில் உட்காரவைத்துக் கதை சொன்னால் அடுத்த மாதம் வரமாட்டார்கள். பொறுப்பைக் கையில் கொடுங்கள். எங்களிடம் நன்றாக ஓடியது தமிழ் விக்கிப்பீடியா வேலை. 2003 முதல் இயங்கும் அந்தக் கலைக்களஞ்சியத்தில் நம் ஊர் ஏரிக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் கட்டுரை இருக்கிறதா என்று தேடச் சொன்னோம். சில கட்டுரைகள் இரண்டே வரியில் நின்றிருந்தன, சிலவற்றுக்குப் படமே இல்லை. பிள்ளைகள் போய்ப் படம் எடுத்தார்கள். எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும் என்றதும் முதல்முறையாக நூலகத்தின் உள்ளூர் வரலாற்று அலமாரியைத் திறந்தார்கள். அதுவரை அந்தப் பக்கம் போனவர்களை நான் பார்த்ததில்லை.

புத்தக அறிமுகமும் நடத்தலாம். ஒருவருக்கு மூன்று நிமிடம், முடிவைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் விதி. கேட்பவர்கள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போனால் சொன்னவருக்கு அதுவே பரிசு.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள்

இந்தப் பகுதியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் உடைந்துவிடும். நூலகத்தை அன்றாடம் முழுதாகப் பயன்படுத்துகிறவர்கள் இவர்கள்தான். பலருக்கு வீட்டில் படிக்கத் தனி இடமோ அமைதியோ கிடையாது. எங்கள் இரண்டாவது கதை நேரத்தன்று, குரூப் 4 தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் புத்தகங்களை மூடி எடுத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் வாசற்படியில் வெயிலில் போய் உட்கார்ந்து படித்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று மாலையே அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். குழந்தைகள் நிகழ்ச்சி வராண்டாவுக்கும் வேப்ப மரத்தடிக்கும் மாறியது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் சத்தமான நிகழ்ச்சி எதுவும் கிடையாது என்று முடிவானது. அவர்களுக்காகவே மாதம் ஒரு மாதிரித் தேர்வும் சேர்ந்தது. குரூப் 4 என்றால் 200 கேள்வி, மூன்று மணி நேரம், அதில் 100 கேள்வி தமிழில் இருந்து. கேள்வித்தாளை முன்பு தேர்ச்சி பெற்றவர்கள் தயாரித்துத் தருகிறார்கள். நூலகம் முழுக்க மூன்று மணி நேரம் பேனா சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்போது கதை நேரத்துக்குப் பாய் தூக்கிவர அந்தப் பிள்ளைகள்தான் முதலில் எழுந்து வருகிறார்கள்.

பெண்கள் வாசிப்பு

மாலை ஆறு மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைகள் பாடம் படிக்கும். மகளிர் சுய உதவிக் குழு அக்காக்களிடம் கேட்டபோது, "மதியம் மூணு மணிக்கு வைங்க, ஒரு மணி நேரத்துல விட்டுருங்க" என்றார்கள். அப்படியே செய்தோம்.

முதல் நாள் பூக்கட்டும் ஒரு அக்கா, கூடையோடு வந்துவிட்டு, "வேலை கெட்டுப்போகும், கட்டிக்கிட்டே கேக்கலாமா?" என்று தயங்கினார். தாராளமாக என்றோம். அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருவர் சிறுகதையை உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கையில் பூவோ ஸ்வெட்டர் ஊசியோ கீரையோ ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவரும் சமமாக உட்கார்ந்து கருத்துச் சொல்வார். கதை முடிந்ததும் யாரும் உடனே பேசுவதில்லை. கொஞ்ச நேரம் நார் இழுபடும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு யாராவது, "எங்க பெரியம்மா வீட்லயும் இப்படித்தான் நடந்துச்சு" என்று ஆரம்பிப்பார். கலந்துரையாடல் என்று தனியாக எதையும் நடத்த வேண்டியதே இல்லை.

படிக்கும் கதை அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை எடுத்துக்கொண்டால் ஜெராக்ஸ் எடுப்பதில் உரிமைச் சிக்கல் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் விக்கிமூலத்திலும் பல கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கி அச்சிடுங்கள்.

பெரியவர்கள்

கைப்பிடி உள்ள நாற்காலி, வெளிச்சமான இடம், தரைத்தளம், அருகில் கழிவறை. இவை நான்கும் இல்லாமல் பெரியவர்களைக் கூப்பிடாதீர்கள். பேச்சாளர் யார் என்பது அதற்குப் பிறகுதான்.

நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படித்துப் பேசுவது, பழைய ஊர்ப் பெயர்கள், நின்றுபோன சந்தை, பெருமழை வந்த வருடம் என்று நினைவுகளைப் பதிவு செய்வது, கைபேசிப் பயிற்சி என்று மாற்றி மாற்றி வைக்கிறோம். நினைவுப் பதிவை எழுதுவது பதின்ம வயதுப் பிள்ளைகள். தாத்தா சொல்லச் சொல்லப் பேத்தி வயதுப் பெண் எழுதுவாள். நூலகத்தில் அதற்கென்று ஒரு தடித்த நோட்டு இருக்கிறது.

கைபேசி வகுப்பை நவம்பர் நான்காம் ஞாயிறு உயிர்வாழ் சான்றோடு சேர்த்து வையுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் இந்தச் சான்றைத் தர வேண்டும். இணையவழியில் தருவதற்குப் பெயர் ஜீவன் பிரமாண். எண்பது வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். முகத்தைப் படம்பிடித்தே செய்யும் வசதி செயலியில் உள்ளது. ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு விவரம், ஆதாரோடு இணைத்த கைபேசி ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாநில அரசு ஓய்வூதியருக்கும் தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியருக்கும் கெடு வேறு மாதத்தில் வரும், அதைக் கருவூலத்திலோ வங்கியிலோ கேட்டு அவரவர் நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஓடிபி எண்ணை அவரே பார்த்து அவரே தட்டச்சு செய்ய வேண்டும். உதவி செய்கிறவர் பக்கத்தில் நின்று சொல்லலாம், கைபேசியை வாங்கிச் செய்யக் கூடாது. இந்த விதியில் தளர்வே வேண்டாம்.

எல்லாரும் சேரும் நாள்

வருடத்தில் நான்கைந்து முறை எல்லா வயதினரையும் ஒன்றாகச் சேருங்கள். நாட்காட்டியே கை கொடுக்கும்: பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பெயரால் கொண்டாடும் நூலகர் நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. ஒரு நூலக வாரத்தில் நாங்களும் தள்ளுவண்டியில் புத்தகம் அடுக்கி நான்கு தெரு சுற்றினோம். காய்கறி வண்டிக்காரர் கொடுத்த வண்டி, பிள்ளைகள் தள்ளினார்கள், பெரியவர்கள் இரவல் குறித்தார்கள். அன்று மட்டும் பல வீடுகளிலிருந்து புது உறுப்பினர்கள் சேர்ந்தார்கள்.

செய்தி சொல்வது

வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ரேஷன் கடை, டீக்கடை, பால் பூத், அங்கன்வாடி ஆகிய இடங்களில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டுங்கள். பள்ளியில் காலை வழிபாட்டில் ஒரு வரி அறிவிக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலை நூலக வாசல் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள். இவற்றையெல்லாம்விட, போன மாதம் வந்து இந்த மாதம் வராதவருக்கு ஒரு போன் செய்வது அதிகப் பலன் தரும்.

பணம்

ஒரு கதை நேரத்துக்கு எங்களுக்கு ஆவது வண்ணத் தாள், களிமண், சுண்டல் ஆகியவற்றுக்கான காசுதான். சுண்டல் முறைவைத்து வீட்டிலிருந்து வருகிறது. ரொக்கமாக வசூல் செய்யாதீர்கள். உதவ நினைப்பவர்களிடம், 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேரச் சொல்லுங்கள். ரசீதோடு நூலகத் துறைக்குப் போய்விடும், உங்கள் மேல் ஒரு பேச்சு வராது. அல்லது பொருளாக வாங்குங்கள். எங்களுக்குப் பாய் இரண்டும், மின்விசிறி ஒன்றும் அப்படி வந்தவைதான்.

குழந்தைகள் பாதுகாப்பு

எட்டு வயதுக்குக் கீழே என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வந்ததும் பெயர், வீட்டு எண், யார் கூட்டிப்போவார் என்று எழுதுங்கள். கூட்டிப்போவார் என்று எழுதப்பட்டவர் வந்தால் மட்டும் அனுப்புங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தை முகம் தெரியும் படத்தை எங்கும் போட வேண்டாம். புதிய தன்னார்வலர் யாரையும் குழந்தைகளோடு தனியாக விடாதீர்கள், எப்போதும் இருவராக இருங்கள்.

கணக்கு எழுதுங்கள்

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பக்கம்: வந்தவர்கள் எத்தனை பேர், புதியவர்கள் எத்தனை பேர், அன்று இரவல் போன புத்தகம் எத்தனை, எது சரியாக வரவில்லை. இரவல் எண்ணிக்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அறுபது பேர் வந்து இரண்டு புத்தகம் போன நாளைவிட, பன்னிரண்டு பேர் வந்து பதினைந்து புத்தகம் போன நாள் எங்களுக்குப் பெரிது. ஆறு மாதக் கணக்கைத் தொகுத்து நூலகர் வழியாக மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். புதிய குழந்தைகள் நூல் வேண்டும் என்று கேட்கும்போது அந்தத் தாள் நமக்காகப் பேசும்.

நீங்கள் ஊரில் இல்லாத மாதமும் நடக்க வேண்டும் என்பதால், மூன்றாம் மாதத்திலிருந்தே இன்னொருவரைக் கதை சொல்லப் பழக்குங்கள். போன மாதம் எனக்குக் காய்ச்சல். வாசற்படியில் உட்கார்ந்து படித்த அந்தப் பெண் இப்போது வேலையில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள், முக்காலியை இழுத்துப் போட்டு அன்று கதை சொல்லியிருக்கிறாள். பதிவேட்டில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது: வருகை 19, இரவல் 23.